டோப்பா கழன்ற சண்டை

1969 கோடை. மயாமியில் ஒரு ஸ்டூடியோ. நடுவில் குத்துச்சண்டை மேடை, சுற்றிலும் இருட்டு, பார்க்க ஒரு ரசிகர்கூட இல்லை. முகமது அலி இடது கையை நீட்டி ஒரு ஜாப் விடுகிறார். எதிரே நிற்கும் ராக்கி மார்சியானோவின் தலையிலிருந்து டோப்பா கழன்றுகொள்கிறது. கேமராவை நிறுத்துகிறார்கள். டோப்பாவை மறுபடி பொருத்திய பிறகு, உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் யார் என்ற கேள்விக்கு விடை தேடும் வேலை தொடர்கிறது.

அந்தப் படத்தின் பெயர் 'தி சூப்பர் ஃபைட்'. அதன் தாய்வீடு ரேடியோ. மயாமியைச் சேர்ந்த மர்ரி வோரோனர் என்ற தயாரிப்பாளர் 1967ல் ஒரு கணக்குப் போட்டார். ஜாக் டெம்ப்சி பெரியவரா, ஜோ லூயிஸ் பெரியவரா என்று ஊரெல்லாம் வாய்ச்சண்டை நடக்கிறது. அதை ஏன் காசாக்கக் கூடாது? இருநூற்றைம்பது நிபுணர்களிடமும் எழுத்தாளர்களிடமும் கருத்துக் கேட்டு, பதினாறு சாம்பியன்களைப் பொறுக்கினார். ஒவ்வொருவரும் உச்சத்தில் இருந்தபோது எப்படி அடித்தார், எப்படித் தாங்கினார், எங்கே பலவீனம் என்பதையெல்லாம் எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் தள்ளினார்கள். அது கொடுத்த முடிவை நேரடி வர்ணனை மாதிரி ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். செத்துப்போனவர்கள் எழுந்து வந்து சண்டை போட, கார் ஓட்டிக்கொண்டே ஜனங்கள் கேட்டார்கள். இறுதிப் போட்டியில் மார்சியானோ டெம்ப்சியை வீழ்த்தினார். நிஜ மார்சியானோவுக்குப் பத்தாயிரம் டாலர் பெறுமான, வைரம் பதித்த தங்க பெல்ட் கிடைத்தது.

அலிக்குக் கிடைத்தது அவமானம். காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் அவர் தோற்றதாக மெஷின் சொல்லிவிட்டது. எத்தனையோ பேர் இருக்க, ஜெஃப்ரிஸ்! கறுப்பரான ஜாக் ஜான்சனிடமிருந்து பட்டத்தை மீட்க வெள்ளை அமெரிக்கா ஓய்விலிருந்து இழுத்து வந்த ஆள் அவர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் பதினைந்தாவது ரவுண்டில் ஜான்சனிடம் மண்ணைக் கவ்வியவர். நிஜத்தில் தோற்றவரை மெஷின் ஜெயிக்க வைத்தால் அலி சும்மா இருப்பாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. வோரோனர் கெட்டிக்காரர். பத்தாயிரம் டாலரும் லாபத்தில் பங்கும் தருகிறேன், மார்சியானோவோடு நீங்களே கேமரா முன்னால் வந்து நில்லுங்கள் என்றார். அலிக்கு அப்போது பணம் தேவைப்பட்டது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் மறுத்ததிலிருந்து லைசென்ஸ் இல்லை, பட்டம் இல்லை, ஐந்து வருடச் சிறைத் தண்டனை மேல்முறையீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. 

மார்சியானோவுக்கு நாற்பத்தைந்து வயது. 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்அவுட் என்று கணக்கை முடித்துக்கொண்டு 1956லேயே ஒதுங்கியவர். இந்தப் படத்துக்காக இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார். முடியை மட்டும் குறைந்த இடத்தில் வளர்க்க முடியவில்லை. டோப்பா வந்தது அப்படித்தான்.

எழுபதுக்கு மேற்பட்ட குட்டி ரவுண்டுகளை எடுத்தார்கள். உடம்பில் விழுந்த குத்துகளில் சில நிஜமானவை, முகத்துக்கு வந்தவை பெரும்பாலும் பாவனை, வழிந்த ரத்தம் தக்காளி சாஸ். முடிவுகளையும் பலவிதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அலி விழுவார், கட் சொல்வார்கள். எழுந்து வந்து மார்சியானோவை விழ வைப்பார், மறுபடி கட். எது படத்தில் வரும் என்று இருவருக்குமே சொல்லவில்லை. நம் ஊர் ஸ்டண்ட் நடிகர்களுக்கு இது பழகிய வேலை. தோல்வியே அறியாத இரண்டு சாம்பியன்கள் மாறி மாறி விழுந்து பழகியதை நினைத்தால்தான் எனக்கு என்னவோ செய்கிறது.

முடிவை மார்சியானோ பார்க்கவே இல்லை. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31 இரவு, அயோவா மாநிலத்தில் நியூட்டன் அருகே அவர் போன சின்ன விமானம் விழுந்து நொறுங்கியது. மறுநாள் அவருக்குப் பிறந்தநாள்.

1970 ஜனவரி 20 அன்று ஒரே இரவில் ஆயிரத்தைந்நூறு தியேட்டர்களில் படம் ஓடியது. பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ அலியை நாக்அவுட் செய்தார். 1952ல் ஜெர்சி ஜோ வால்காட்டைச் சாய்த்து மார்சியானோ பட்டம் வாங்கியதும் பதின்மூன்றாவது ரவுண்டில்தான். மெஷினுக்கு அந்த எண் எங்கிருந்து பிடித்துப்போனதோ! அந்த கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்று அலி கிண்டலடித்தார். கறுப்பர்களை எந்த அளவு ஒடுக்கிய மாநிலம் அலபாமா என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் சூடு புரியும். ஐரோப்பிய ரசிகர்களுக்கோ வேறு முடிவைக் காட்டினார்கள். அங்கே ஜெயித்தவர் அலி. ஒரே மெஷின், ஒரே சண்டை, ஊருக்கொரு தீர்ப்பு.

மனிதர்கள் போட்ட பட்டியல் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 'தி ரிங்' பத்திரிகையை 1922ல் தொடங்கிய நாட் ஃபிளைஷரை விடப் பெரிய நிபுணர் அன்று கிடையாது. அவர் பட்டியலில் ஜாக் ஜான்சன் முதலிடம், ஜெஃப்ரிஸ் இரண்டாமிடம், ஜோ லூயிஸ் ஆறு, மார்சியானோ பத்து. அலிக்குக் கடைசிவரை இடமே தரவில்லை. அவரும் நம்மைப் போலத்தான்: நாம் இளைஞராக இருந்தபோது பார்த்த ஆள்தான் நமக்குப் பெரிய ஆள்.

மார்சியானோ, அலி இருவரின் குத்தையும் நிஜமாகவே வாங்கிய ஒருவர் உண்டு: ஆர்ச்சி மூர். 1955ல் மார்சியானோவை இரண்டாவது ரவுண்டில் கீழே தள்ளினார். ஒன்பதாவது ரவுண்டில் தானே விழுந்தார். ஏழு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலஸில், இருபது வயது அலி அவரை நான்காவது ரவுண்டிலேயே முடித்தார். அதை வைத்து அலியே பெரியவர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மார்சியானோ சந்தித்தபோதே மூருக்கு நாற்பதை ஒட்டிய வயது.

என் தீர்ப்பைக் கேட்டால், 1967 அலியை மார்சியானோ தொட்டிருக்கவே முடியாது. மார்சியானோ ஐந்தடி பத்தங்குல மனிதர், எண்பத்தைந்து கிலோ. கை நீளத்தில் மட்டும் அலி ஏறக்குறைய பத்து அங்குலம் கூடுதல். ஆனால் அலியைப் பெரியவர் என்று நாம் சொல்வது அந்தக் கைநீளத்துக்காக இல்லையே. 1971ல் ஜோ ஃபிரேசியரின் இடது கை பதினைந்தாவது ரவுண்டில் சாய்த்தபோது எழுந்து நின்றதும், 1974ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் இடிகளை வாங்கிக்கொண்டு எட்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்தியதும், மறுவருடம் மணிலாவில் உயிர் போகும் வெக்கையில் ஃபிரேசியரோடு பதினான்கு ரவுண்டு நின்றதும்தான் அந்தப் பெயரைச் சம்பாதித்துத் தந்தன. மூன்றும் படம் வெளிவந்த பிறகு நடந்தவை. மெஷினுக்குள் போனது அரிதாகவே சரியான அடி வாங்கியிருந்த ஒரு ஆட்டக்கார இளைஞனின் கணக்கு. விடாமல் அடி வாங்கினால் அவன் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

படம் பல காலம் கண்ணில் படாமல் இருந்து, 2005ல் டிவிடியாக வந்தது. மறுவருடம் வெளியான 'ராக்கி பால்போவா' படத்தின் கதையே இதிலிருந்து முளைத்ததுதான். பழைய சாம்பியனையும் புதிய சாம்பியனையும் கம்ப்யூட்டர் மோதவிடுவதில்தான் அதில் வரும் சண்டையும் தொடங்குகிறது.

அலி தொழில்முறையில் போட்ட சண்டைகள் 61. தோற்றவை ஐந்து. நான்கு, நடுவர்களின் மதிப்பெண்ணில். ஐந்தாவது, 1980ல் லாரி ஹோம்ஸுடன். பத்து ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்திவிட்டார். அலி தரையில் கிடக்க நடுவர் பத்து எண்ணி முடித்தது 'தி சூப்பர் ஃபைட்' படத்தில் மட்டும்தான்.