தயோஃபிளேவின் டி ஒளிர்வுச் சோதனை

தயோஃபிளேவின் டி ஒளிர்வுச் சோதனை என்பது, புரதங்கள் இயல்பான மடிப்பு குலைந்து அமிலாய்டு இழைகளாகத் திரள்வதை ஒளியால் கண்டறியும் முறை. தயோஃபிளேவின் டி என்னும் மஞ்சள் சாயத்தின் மூலக்கூறில் இரு வளையப் பகுதிகள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்துள்ளன. கரைசலில் அவை தடையின்றிச் சுழல்வதால், உறிஞ்சிய ஆற்றல் பெரும்பாலும் ஒளியாக வெளிப்படுவதில்லை. பீட்டா தகடுகள் அடுக்கிய இழையின் நீள்பள்ளங்களில் சாயம் சிக்கியதும் சுழற்சி தடைபடுகிறது; ஏறத்தாழ 450 நானோமீட்டர் ஒளியை ஏற்று, 482 நானோமீட்டர் அளவில் வலுவாக ஒளிர்கிறது. 1959இல் வாசர், கல்லிங் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் திசுக்களில் அமிலாய்டைக் காட்ட இச்சாயத்தைப் பயன்படுத்தினர். அல்சைமர் நோயின் அமிலாய்டு பீட்டா, பார்க்கின்சன் நோயின் ஆல்பா சைனூக்ளின் ஆகியவை திரளும் வேகத்தை அளக்க இது பரவலாகப் பயன்படுகிறது. மூளைத் தண்டுவட நீரில் பிரியான்கள் எனும் நோய் உண்டாக்கும் புரதங்களைக் கண்டறியும் சோதனையும் இவ்வொளிர்வையே சார்ந்தது. நச்சுத்தன்மை மிகுந்தவையாகக் கருதப்படும் சிறு திரள்களோடு சாயம் வலுவாகப் பிணைவதில்லை. இதுவே இம்முறையின் பெருங்குறை.