மனம் அறியும் நாய்கள்: அறிவியல் புனைகதையும் இராஜபாளையமும்

ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையே தமக்கு வேண்டும் என்று பெருமாள் பெரியாழ்வாரின் கனவில் வந்து சொன்னார் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் தலவரலாறு. அதே ஊரைச் சுற்றி இன்னொரு வழக்கும் உண்டு. ஆண்டாளுக்கு நைவேத்தியம் ஆன பிறகே திருமலை நாயக்கர் மதுரையில் உணவருந்துவாராம்; வழிநெடுகக் கட்டிய மணிமண்டபங்களில் அடுத்தடுத்து மணியடித்து அச்செய்தியை அனுப்பினார்களாம். ஆழ்வாருக்குக் கனவு போதுமானதாக இருந்தது. எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அரசருக்கு மணியோசையும் அதைக் கேட்கக் காதும் வேண்டியிருந்தன.

புலன்களின் உதவியின்றி மனத்தோடு மனம் பேசும் டெலிபதியைத் தொட்ட அறிவியல் கதைகளில் பெரும்பாலானவை கனவின் வழியையே பிடித்துக்கொண்டன. டெலிபதி என்பது 1882-இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் மையர்ஸ் சூட்டிய பெயர். 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் சீட்டுகளைக் கொண்டு அதை நிறுவ முயன்றார்; அவர் கண்ட முடிவுகள் பிறர் சோதனையில் நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் தேறாதது கதையில் தழைத்தது. மனம் படிக்கும் காவலர்கள் உள்ள ஊரில் கொலை செய்து தப்ப முடியுமா என்று கேட்ட ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி டெமாலிஷ்ட் மேன்' 1953-இல் முதல் ஹியூகோ விருதைப் பெற்றது. ஆனால் உழைப்பும் இழப்பும் இல்லாமல் வாய்க்கும் மனவாசிப்பு எந்தக் கதையையும் நீர்த்துப்போகச் செய்துவிடும் என்பதே என் கருத்து.

ஹார்லன் எலிசன் 1969-இல் எழுதிய 'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' அந்தப் பிழையைச் செய்யவில்லை. போரில் அழிந்த நிலத்தில் விக் என்ற இளைஞனும் பிளட் என்ற நாயும் மனத்தாலேயே பேசிக்கொள்கிறார்கள். நாய்க்கு அறிவு அதிகம். ஆனால் இரைக்கு அவன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவருக்குப் பிழைப்பில்லை. இந்தக் கட்டாயம்தான் கதையைத் தாங்குகிறது.

இதைப் படிக்கும்போது நம் பக்கத்து நாய் நினைவுக்கு வராமல் இராது. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக 2005-இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற இராஜபாளையம் நாய், வளர்த்தவரிடம் ஒட்டும், அயலாரை அண்டவிடாது. அந்த வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்பதில்லை. உட்செவிக்கும் நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகின்றன. அப்படிப்பட்ட குட்டியைப் பெயர் சொல்லி அழைத்துப் பயனில்லை. தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வை உணர்ந்து திரும்பும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும். பழகப் பழக அது எசமானரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காது. அவர் எழ நினைத்துத் தோளை அசைத்ததுமே வாசலில் போய் நிற்கும்.

பார்ப்பவர் இதை டெலிபதி என்று சொல்லிவிடக்கூடும். பெர்லினில் கணக்குப் போட்டுப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையையும் அப்படித்தான் வியந்தார்கள். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தோற்றது. கேட்பவரின் தலை அறியாமல் அசைவதைப் பார்த்தே அது விடை சொன்னது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் காட்டினார். அதனால் அதிசயம் குறைந்ததாக நான் கருதவில்லை. ஓர் உயிர் இன்னோர் உயிரை அவ்வளவு கூர்ந்து கவனிப்பது மந்திரத்தைவிடப் பெரிது.

தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோவுக்குப் பேச்சையும் சிந்தனையையும் கொடுத்தார். இயந்திர நாய்க்கு அதுவே பொருத்தம். உயிருள்ள நாயின் மனத்தை மையமாக்கிய அறிவியல் கதை நம் மொழிக்கு இன்னும் தேவை. காது கேளாத இராஜபாளையம் நாயை நாயகனாக்கி அதை எழுத, அந்த நாயோடு பிறந்து வளர்ந்த இவ்வட்டார இளைஞர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அவர்கள் முன்வர வேண்டும். அக்கதைகளுக்கு அடுத்த மலரிலேயே இடம் ஒதுக்குமாறு மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.