எழுதக் கற்ற நுண்ணோக்கி



நுண்ணோக்கி பார்ப்பதற்கென்று ஏற்பட்ட கருவி. அது எழுதவும் கூடும் என்றால் வியப்பாக இருக்கும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு புதிய வாயிலைத் திறந்துவிட்டதனால் அவ்வியப்பு நிகழ்ந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1931-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா என்னும் இருவர், ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு உருப்பெருக்கும் கருவியை அமைத்தனர். 1938-இல் மான்ஃபிரட் ஃபான் ஆர்டென்னே அக்கற்றையை மிகச் சிறிய புள்ளியாகக் குவித்துப் பொருளின்மீது வரிவரியாக ஓடவிட்டார். இதுவே வருடல் எலக்ட்ரான் நுண்ணோக்கி. கேம்பிரிட்ஜில் சார்லஸ் ஓட்லியும் அவர்தம் மாணவர்களும் 1948 முதல் இதனைச் செம்மை செய்தனர். 1965-இல் அது விற்பனைக்கு வந்தது.

இதன் உள்ளமைப்பு எளியது. கற்றையின் வழியில் கம்பிச் சுருள்கள் உள்ளன. கட்டுப்பாட்டுப் பெட்டி அவற்றுக்கு ரம்பப் பல் வடிவான மின்னோட்டத்தை அனுப்புகிறது. மின்னோட்டம் ஏற ஏறக் கற்றை இடமிருந்து வலமாக நகரும். சட்டென இறங்கியதும் அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும். அதே தாளத்தில் திரையிலும் ஒரு புள்ளி ஓடும். பொருளில் 1 மில்லிமீட்டர் ஓடும் நேரத்தில் திரையில் 10 சென்டிமீட்டர் ஓடினால் உருப்பெருக்கம் 100 மடங்கு.

இங்கே ஒரு வினா எழுகிறது. சுருளுக்கு வரும் மின்னோட்டம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வரவேண்டுமா? எங்கள் பக்கத்துக் கோமுகி அணையின் பாசன வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மதகைத் திறந்தவர் யார் என்று வயல் கேட்பதில்லை. சுருளும் அத்தகையதே. ஆகவே, வரியோட்டத்தை உண்டாக்கும் பகுதிக்கும் மின்பெருக்கிக்கும் இடையே உள்ள இணைப்பில் ஒரு மாற்றுச் சாவியை வைத்து, வெளியிலிருந்து வரும் மின்சைகையையும் ஏற்கச் செய்தால், கற்றை நாம் வகுத்த வழியே செல்லும். கிடைவாட்டுக்கு ஒரு சைகை, நெடுவாட்டுக்கு ஒரு சைகை, வேண்டாத இடத்தில் கற்றையை மறைக்க மூன்றாவது சைகை. இவ்வளவே தேவை.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். மதகை அளவின்றித் திறந்தால் வரப்பு உடையும். பெருக்கி தாங்கும் அளவை மின்னழுத்தம் மீறலாகாது. மேலும், சுருள் மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் இயல்புடையது. சைகை மிக விரைந்து திரும்பினால் எழுத்தின் கூரிய மூலைகள் மழுங்கிவிடும்.

1959 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் பாசடீனாவில் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். நூலின் ஒரு பக்கத்தை 25,000 மடங்கு சுருக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படிக்குமாறு எழுதுபவருக்கு 1,000 டாலர் பரிசு என்றார். 1960-இல் ஜெர்மனியின் டியூபிங்கனில் மொல்லன்ஸ்டெட், ஸ்பைடல் என்போர் நுண்ணோக்கியை மாற்றியமைத்து, எலக்ட்ரான் கற்றையால் நுண்ணெழுத்துகளை எழுதிக் காட்டினர். எனினும், பரிசை 1985-இல் வென்றவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன். அவருடைய ஆசிரியர் ஃபேபியன் பீஸ், கேம்பிரிட்ஜில் இதே வகை நுண்ணோக்கியை ஆக்கிப் பயின்றவர். கணிப்பொறி செலுத்திய கற்றை, சார்லஸ் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’ நாவலின் முதற்பக்கத்தை எழுதியது. அப்பக்கத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 160-இல் ஒரு பங்கு!

இம்முறை நம் முன்னோர் அறிந்த முறையை ஒத்தது. எழுத்தாணி ஓலையைக் கீறும்போது எழுத்து நன்கு புலப்படாது. மை தடவிய பின்னரே விளங்கும். கற்றையும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துச் செல்கிறது. பின்னர்க் கரைப்பானில் நனைத்தால், கற்றை பட்ட இடம் கரைந்து எழுத்து வெளிப்படும். இன்று கணிப்பொறிச் சில்லுகளை அச்சிடுவதற்கான மூல முகமூடிகள் பலவும் இவ்வாறு எலக்ட்ரான் கற்றையால் வரையப்படுகின்றன.

கள்ளக்குறிச்சி வட்டாரப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து பயின்ற பிள்ளைகள், “ஐயா, இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?” என்று கேட்பதுண்டு. அது தேர்வுக்கு வேண்டாத கேள்வி என்று அடக்குவோரும் உண்டு. விலையுயர்ந்த கருவி பழுதாகுமே என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால் கேள்வியே அடங்கிவிட்டால், கருவி பழுதாகாதிருந்தும் பயனில்லை. கருவியைத் தொடுவதற்குமுன் அதன் மின்சுற்றுப் படத்தைப் படியுங்கள். எந்தக் கம்பியில் எந்தச் சைகை ஓடுகிறது, எவ்வளவு தாங்கும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெட்டியை அறியாமல் திறப்பவன் அதைக் கெடுப்பான். அறிந்து திறப்பவனே அதற்குப் புதிய தொழிலைக் கற்பிப்பான்.