பல்லாவரத்துக் கம்பியில் 25,000 வோல்ட் வந்த கதை

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே எலக்ட்ரிக் ட்ரெயின் வந்தது 1931இல். அந்த ஏப்ரலில் மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் தொடங்கிவைத்தார். அதுவரை கரிப்புகையோடு வண்டிகள் போய்வந்த சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையில், கிண்டி, பல்லாவரம் என்று ஊர் ஊராகச் செம்புக் கம்பி ஏறியது. அன்று அந்தக் கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம். இன்று அதே பாதையின் அபாயப் பலகைகளில் இருப்பது 25,000 வோல்ட். அதுவும் மாறுதிசை மின்சாரம். நடுவில் இந்த எண் எப்படி மாறியது? பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு ஒன்றுதான் அதை மாற்றியது.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். ஜெர்மனியின் கொலோன் நகரில் கணக்கும் இயற்பியலும் நடத்திய ஜார்ஜ் சைமன் ஓம், 1820களில் வகுப்பு முடிந்த நேரத்தில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பிகளோடு மல்லுக்கட்டினார். அன்றிருந்த பேட்டரி நிலையாக நிற்காது. அளக்க அளக்கவே அதன் வேகம் இறங்கிவிடும். அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்தச் சூட்டு வித்தியாசம் மாறாதவரை மின்னழுத்தமும் மாறவில்லை. பிறகு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே போனார். கம்பி நீள நீள, மின்னோட்டம் ஓர் ஒழுங்கோடு குறைந்தது. 1827இல் இதைப் புத்தகமாகவே போட்டார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. சொந்த நாட்டில் பலர் அதைச் சட்டை செய்யவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தபோதுதான் உரிய மரியாதை வந்தது.

அதே 1841இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் அடுத்த படியை ஏறினார். கம்பியில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பொறுத்தது என்று அளந்து காட்டினார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மொத்தத் திறன் வேண்டுமா? வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். ஆக, இரண்டே இரண்டு அளவுகள் கையில் இருந்தால் போதும். வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்.

இனி இதைப் பல்லாவரத்துக் கம்பியில் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி புறப்பட 10 லட்சம் வாட் வேண்டும், கம்பியின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் 667 ஆம்பியர் ஓட வேண்டும். 667ஐ 0.2ஆல் பெருக்கினால், கம்பியிலேயே 133 வோல்ட் விழுந்துவிடுகிறது. சூடாக வீணாவது ஏறக்குறைய 89,000 வாட். அதே வேலையை 25,000 வோல்ட்டில் செய்தால் ஓடுவது வெறும் 40 ஆம்பியர். விழுவது 8 வோல்ட், வீணாவது 320 வாட். அதாவது 278இல் ஒரு பங்கு. மாறுதிசை மின்சாரத்துக்கு இன்னும் சில திருத்தங்கள் உண்டு. ஆனால் கணக்கின் முடிவு மாறாது.

இவ்வளவு லாபம் என்றால் 1931லேயே ஏன் செய்யவில்லை? வண்டியை இழுக்க ஏற்றதாக அன்று இருந்தது நேர்திசை மோட்டார். நேர்திசை மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரால் ஏற்றவோ இறக்கவோ முடியாது. எனவே மோட்டார் தாங்கும் அளவை ஒட்டியே கம்பியின் மின்னழுத்தமும் இருக்க வேண்டியிருந்தது. மின்னழுத்தம் குறைவு என்பதால் மின்னோட்டம் அதிகம். அதனால் கனத்த கம்பி, கிட்டக்கிட்ட சப்-ஸ்டேஷன்கள். 1950களில் பிரெஞ்சு ரயில்வே வேறு வழியைச் சோதித்துக் காட்டியது: கம்பியில் உயர் மின்னழுத்த மாறுதிசை மின்சாரத்தை அனுப்பி, வண்டிக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கி, ரெக்டிஃபையரால் நேர்திசையாக்கி மோட்டாருக்குக் கொடுப்பது. இந்திய ரயில்வே 1957இல் 25,000 வோல்ட்டைத் தன் முறையாக ஏற்றது. தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 1960களில் அந்தக் கம்பி போனது. கடற்கரை–தாம்பரம் பாதையும் அதே பத்தாண்டில் மாறியது. 1925இலேயே மின்ரயில் கண்ட மும்பையில் இந்த மாற்றம் 2010களில்தான் முழுமையடைந்தது. இதில் சென்னை முந்திக்கொண்டது நமக்குப் பெருமைதான்.

2004இல் மீட்டர் கேஜ் மின்ரயில் இந்தப் பாதையிலிருந்து விடைபெற்றது. தண்டவாளம் அகலப் பாதையாக மாறியும் 25,000 என்ற எண் அப்படியே நின்றது.

ரயிலுக்கு உதவிய கணக்கு வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். 2,000 வாட் கீசரை 230 வோல்ட்டில் போட்டால் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை சுமார் 26 ஓம். பிளக் லூசாகி அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்தால்கூட, 8.7இன் வர்க்கத்தை அரையால் பெருக்குங்கள்: 38 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட்டே போதும் என்றால், பிளக் முனை கருகுவதற்கும் பிளாஸ்டிக் இளகுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கீசர், இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு எதை வாங்கினாலும் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். அதை 230ஆல் வகுங்கள். விடை 6ஐத் தாண்டினால் சின்ன பிளக்கிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற கனமான வயரும் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்தி இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.