இலைவழி ஊட்டம்

இலைவழி ஊட்டம் என்பது நீரில் கரைத்த ஊட்டச்சத்துக்களை இலைகளின் மீது தெளித்துப் பயிருக்கு அளிக்கும் முறையாகும். செடிகள் வேர் வழியாகவே உணவுச் சத்துக்களைப் பெறுகின்றன என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. அது மாறிய வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு நீள்கிறது.

தொடக்கம்

பிரான்சு நாட்டின் யூசேப் கிரி என்பவர் 1840களில் இலை வெளிறிய செடிகளை ஆராய்ந்தார். இரும்பு உப்புக் கரைசலை இலைகளில் இட்டபோது பச்சை நிறம் திரும்பியது. பச்சையம் உருவாக இரும்பு தேவை என்பதும், இலை அதனை ஏற்கும் என்பதும் இதனால் தெரியவந்தன.

ஹவாய் அன்னாசித் தோட்டங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயின் ஓவாகு தீவில் அன்னாசி பெரும் வணிகப் பயிரானது. ஆனால் மாங்கனீசு மிகுந்த நிலங்களில் செடிகள் மஞ்சளாகி நலிந்தன, விளைச்சல் குன்றியது. அம்மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. மிகுதியான மாங்கனீசு, செடிக்கு இரும்பு கிடைக்காதவாறு தடுத்தது. மண்ணில் இரும்பு உப்பை இட்டாலும் அது விரைவில் செடிக்குப் பயன்படாத வடிவமாக மாறிவிடும்.

அங்குள்ள வேளாண் ஆய்வு நிலையத்தின் வேதியியலாளர் மேக்ஸ்வெல் ஜான்சன், மண்ணை விடுத்து இலையை நாடினார். அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டுக் கரைசலைத் தெளித்தால் செடிகள் மீண்டும் பசுமையாகும் என்று 1916இல் அறிவித்தார். பயனற்றவை எனக் கருதப்பட்ட நிலங்களிலும் அன்னாசி விளைந்தது. அன்னாசி இலைகளின் அடிப்பகுதி கிண்ணம்போல் நீரைத் தேக்குவதும் இம்முறைக்குத் துணையாயிற்று.

கதிரியக்கச் சான்று

தெளித்த சத்து இலைக்குள் செல்கிறதா, மண்ணில் விழுந்து வேர் வழியாகச் செல்கிறதா என்னும் ஐயம் எஞ்சியிருந்தது. 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு டூகி, சில்வன் விட்வர் ஆகியோர் கதிரியக்கப் பாசுபரசு போன்றவற்றை இலையில் இட்டு, அவை செல்லும் வழியைக் கருவிகளால் தொடர்ந்தனர். இலையில் இட்ட சத்து தண்டுக்கும் வேருக்கும் பரவுவது உறுதியாயிற்று.

உட்புகும் வழி

இலையின் மேற்பரப்பை மெழுகுத் தன்மையுள்ள படலம் மூடியுள்ளது. அதிலுள்ள மிக நுண்ணிய வழிகள் மூலமாகவும், இலைத்துளைகள் மூலமாகவும் கரைசல் உட்புகுகிறது. துளி காய்ந்துவிட்டால் உறிஞ்சுதல் குறையும். ஆகவே காலையிலோ மாலையிலோ தெளிப்பது நல்லது. கரைசல் செறிவு மிகுந்தால் இலை கருகும்.

இன்றைய பயன்பாடு

தமிழ்நாட்டில் உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றுக்குப் பூக்கும் பருவத்தில் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் தெளிக்கப்படுகிறது. உரத்தை முதல்நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துப் பயன்படுத்துவர். தழை, மணி, சாம்பல் சத்துக்கள் பயிருக்குப் பேரளவில் தேவைப்படுவதால், இலைவழி ஊட்டம் மண்வழி உரத்திற்குத் துணையே அன்றி மாற்று ஆகாது.