மண்ணில் நடக்கும் விண்வெளி ஒத்திகை



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அரிச்சந்திர நாடகம் போட்ட காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓர் இரவு நாடகத்திற்கு ஒரு மாத ஒத்திகை. காலையில் பால் வெட்டிய கை, மாலையில் அட்டைக் கத்தி பிடிக்கும். ஒத்திகையில் வசனம் மறந்தால் சிரிப்பு. மேடையில் மறந்தால் மானம் போய்விடும். விண்வெளியிலோ, மறந்தால் போவது உயிர். ஆகவேதான் மேலே செல்லும் முன் அந்த வாழ்க்கையைக் கீழேயே வாழ்ந்து பார்க்கிறார்கள். வல்லரசுகள் நடத்திய இந்த ஒத்திகை மாணவர்களின் கைக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இன்று சொல்லப் புகுகிறோம்.

1967-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், எரிமலைச் சாம்பல் படிந்த ஒரு வெட்டவெளி. நிலநூல் அறிஞர்கள் சந்திரனின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் கண்டபடியே 47 பள்ளங்களை வெடிவைத்து உண்டாக்கினார்கள். வெடிக்குப் பயன்பட்டவற்றுள் முக்கியமானது அம்மோனியம் நைட்ரேட். தோட்டத்தில் மரத்தடியில் தூவுகிறோமே, அந்த உர வகையைச் சேர்ந்த பொருள்தான்! அப்பல்லோ வீரர்கள் அந்தப் பள்ளங்களுக்கிடையே நடந்து பழகினார்கள்.

ரஷ்யர்கள் வேறு வழியில் சென்றார்கள். சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் நிலத்தடியே மூடிய வீடொன்றைக் கட்டினார்கள். 1972-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 180 நாள், ஒரு வேளைக்கு மூவராக ஆட்கள் அதற்குள் வாழ்ந்தார்கள். பச்சைப்பாசியும் பயிரும் மூச்சுக்காற்றைத் தந்தன. உள்ளேயே கோதுமை விளைத்து, அறைத்த மாவில் ரொட்டி சுட்டார்கள்.

இவையெல்லாம் அரசாங்கங்கள் செய்தவை. பள்ளிப் பிள்ளைகள் இதற்குள் வந்தது ஒரு துக்கத்தினால்.

1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறியது. அதில் இருந்த எழுவருள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. விண்ணப்பித்த 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். விண்வெளியிலிருந்தே பாடம் நடத்துவதாக ஏற்பாடு. மற்றொருவர் எலிசன் ஒனிசூக்கா. இவரைப் பற்றித் தோட்டத்து மக்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டும். இவருடைய தாத்தா பாட்டி, ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தது போலத்தான். காப்பி விளையும் கோனா வட்டாரத்தில் வளர்ந்த இந்தப் பேரன், பொறியியல் படித்து 1985-இல் ஒருமுறை விண்வெளி சென்று திரும்பியவர். இரண்டாம் பயணத்தில் திரும்பவில்லை.

மாண்டவர்களின் குடும்பத்தார் சிலைகள் வைப்பதோடு நிற்க விரும்பவில்லை. அதே ஆண்டில் ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் நிலையம் 1988-இல் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்டது. மாணவர்களில் பாதிப்பேர் 'விண்கலத்தில்' ஏறுவார்கள். மீதிப்பேர் 'தரைக் கட்டுப்பாட்டு அறையில்' அமர்வார்கள். பாதி நேரம் ஆனதும் இரு சாராரும் இடம் மாறுவார்கள். ஆசிரியை நடத்த முடியாமற்போன பாடத்தைப் பிள்ளைகள் இப்படித் தாங்களே நடத்திக்கொண்டார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையத்திற்கு அப்பால், ஏரிப் பூங்காவை ஒட்டிய குன்றின்மேல் நீலக் கூரையோடு இருப்பது தேசியக் கோளரங்கம், 1994-இல் திறக்கப்பட்டது. மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 போர் விமானங்கள் வாங்கிய உடன்பாட்டின் பயனாக, நம்மவர் ஒருவர் விண்வெளி செல்லும் வாய்ப்பு வந்தது. 11,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2006-இல் இறுதிக்கு வந்தவர் நால்வர். அந்த நால்வரில் ஒருவர் பொறியாளர் வனஜா சிவா, நம் இந்தியச் சமூகத்துப் பெண். ஷேக் முஸாபர், ஃபாயிஸ் காலிட் என்ற மருத்துவர் இருவரே பயிற்சிக்குத் தேர்வானார்கள். இருவரும் ரஷ்யாவில் அதே பயிற்சியைப் பெற்றார்கள். ஆனால் 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ஷேக் முஸாபர் மட்டுமே மேலே சென்றார். மற்றவர் ஒத்திகை முழுவதையும் முடித்துவிட்டுத் தரையில் நின்றார். அவரையும் வனஜாவையும் வகுப்பில் சொல்லாமல் நாங்கள் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

ஒத்திகை அதன் பிறகு இன்னும் தூரம் சென்றது. மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு ஆண்கள் 520 நாள் அடைபட்டு, செவ்வாய்க்குப் போய் வருவதாகப் பாவித்தார்கள். செவ்வாயிலிருந்து ஒரு சொல் நம்மிடம் வந்து சேரவே, அது நிற்கும் தொலைவைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை பிடிக்கும். பதிலுக்கும் அதே நேரம். அந்தத் தாமதத்தையும் செயற்கையாக ஏற்படுத்தினார்கள்.

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 2001-இல் எழுந்த செவ்வாய் ஆய்வு நிலையத்திற்குக் கல்லூரி மாணவர்கள் குழுகுழுவாகச் செல்கிறார்கள். தண்ணீர் அளந்துதான் செலவாகும்; கவச உடை இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது. சுவிட்சர்லாந்தில், லோசான் நகரின் பொறியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 2019-இல் ஒரு படி மேலே போனார்கள். எஸ்கிலெப்பியோஸ் என்று பெயரிட்டு, தாங்களே திட்டமிட்டு, தாங்களே ஆள் தேர்ந்து, தாங்களே கட்டுப்பாட்டு அறையிலும் அமர்ந்தார்கள். 2021 ஜூலையில் கிரிம்செல் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ஆறு இளைஞர்கள், வெயில் காணாமல், சந்திரனில் இருப்பதாகவே ஏறக்குறைய ஒரு வாரம் வாழ்ந்தார்கள்.

இதைக் கேட்ட எங்கள் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் பள்ளி கிள்ளான் வட்டாரத்தில் உள்ளது. பெயர் தோட்டத்தின் பெயர்தான். சுற்றிலும் இப்போது வீடமைப்பு. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையைக் காலி செய்து, ஒரு சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளை உள்ளே அனுப்பினோம். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர். கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதி வெளியே தள்ளினால், பத்து நிமிடம் கழித்துத்தான் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோவோம். பதிலும் பத்து நிமிடம் கழித்தே உள்ளே போகும்.

முற்பகலில் ஒரு சீட்டு வந்தது: "டார்ச் லைட் எரியவில்லை. என்ன செய்வது?" கட்டுப்பாட்டு அறையில் பெரிய விவாதம். பேட்டரியைத் திருப்பிப் போடச் சொல்லிப் பதில் எழுதினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் உள்ளேயிருந்து இரண்டாவது சீட்டு: "பரவாயில்லை, காற்றோட்ட ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டோம்." கடைசியில் பார்த்தால், பேட்டரி தீர்ந்த டார்ச்சைக் கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

மாலையில் கதவைத் திறந்தபோது, வகுப்பில் வாய் திறக்காத ஒரு சிறுமியின் போத்தலில் மட்டும் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அழைத்துப்போக வந்த அவள் பாட்டி கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதைப் பழகவா ஐயா, ரஷ்யாவுக்குப் போனாங்க? லயத்துல இருபது வீட்டுக்கு ஒரே பைப்புல நாங்க தண்ணி புடிச்சோமே!" சிறுமிக்கு அந்தப் பேச்சில் நாட்டமில்லை. அடுத்த சனிக்கிழமை தான் கட்டுப்பாட்டு அறையில் உட்காரலாமா என்றுதான் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.