தரவுத்தளங்களில் இணைப்பு முறை வளர்ந்த வரலாறு

பல அட்டவணைகளிற் பிரிந்து கிடக்கும் தரவுகளை ஒரே வினவலினால் ஒருங்கு பெறுதல் இன்று கணனி பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடமாகும். ஆயின் இம்முறை எதிர்ப்பின்றி நிலைபெற்ற ஒன்றன்று என்பதை அதன் வரலாற்றை நோக்குவார் உணர்வர்.

1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலே சார்ள்ஸ் பக்மன் உருவாக்கிய ஐ.டி.எஸ். முறைமையிலும், அப்பலோ விண்வெளித் திட்டத்தின் தேவையையொட்டி எழுந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். முறைமையிலும் பதிவுகள் ஒன்றோடொன்று முன்னரே பிணைக்கப்பட்டிருந்தன. விடை வேண்டுவோர் அப்பிணைப்புகளின் வழியே பதிவு பதிவாகச் செல்லல் வேண்டும். 1973இல் தமது டூரிங் விருதுரையிற் பக்மன் செய்நிரலாளரை வழிகண்டு கலஞ்செலுத்தும் மீகாமனாகவே உருவகித்தார். உருவகம் அழகியதே. எனினும் தரவுகளின் அடுக்குமுறை மாறியதும் பழைய வழிகள் பயனற்றுப்போக, நிரல்களைத் திருத்தி எழுதும் இடர் நேர்ந்தது.

இங்கிலாந்திற் பிறந்து, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட், 1970ஆம் ஆண்டு யூன் மாதம் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு நெறியை வகுத்தார். கணிதத்தின் தொடைக் கொள்கையை அடியொற்றித் தரவுகள் யாவற்றையும் தொடர்புகளாக, அஃதாவது அட்டவணைகளாகக் கொண்டார் அவர். இரு தொடர்புகளுக்குப் பொதுவான நிரலொன்று இருப்பின், அதன் பெறுமானங்கள் ஒத்துவரும் வரிகளைச் சேர்த்துப் புதிய தொடர்பொன்றைப் பெறலாம். இதுவே இணைப்பு.

அக்கட்டுரையில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி ஒன்றுண்டு. எமக்கு அதுவே முதன்மையானதாகத் தோன்றுகின்றது. எவ்விரிவுரையாளர் எப்பாடத்தைக் கற்பிக்கின்றார் என ஓர் அட்டவணையும், எம்மாணவர் எப்பாடத்தைப் பயில்கின்றார் என மற்றோர் அட்டவணையும் உள்ளன எனக் கொள்வோம். ஒரே பாடத்தை இருவர் கற்பிக்க, இருவர் பயில்கின்றனர். இணைத்தால் நான்கு வரிகள் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு மாணவரும் ஒருவரிடமே பயின்றிருப்பின் அவற்றுள் இரண்டு பொய்யாகும். எவை பொய் என்பதை இரு அட்டவணைகளும் கூறமாட்டா. யார் யாரிடம் எதனைப் பயின்றார் என்பதை மூன்று நிரல்கொண்ட தனித்தொடர்பாகப் பதிந்து வைத்திருத்தல் வேண்டும். இத்தகைய மயக்கத்தைத் தொடுப்புப் பொறி எனக் கொட் சுட்டி, வலையமைப்பு முறையின் குறையாகவே அதனைக் கண்டித்தார். உண்மையில் அட்டவணை முறையைக் கையாள்வோரும் அதில் வீழ்வதுண்டு.

1974இல் ஆன் ஆபரிற் கூடிய மாநாட்டில் கொட், பக்மன் ஆகிய இருவரின் நெறிகளும் நேருக்குநேர் விவாதிக்கப்பட்டன. அதே மாநாட்டிலேதான் டொனால்ட் சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும் சீக்குவெல் என்னும் வினவல் மொழியை அறிமுகஞ்செய்தனர். பிற்காலத்தில் எஸ்.கியூ.எல். எனப் பெயர் சுருங்கிய மொழி இதுவே. பொய்ஸ் அவ்வாண்டிலேயே காலமானமை வருந்தற்குரியது.

வேண்டுவது யாது என்பதை மட்டும் பயனர் கூறினால், அதனை அடையும் வழியைக் காண்பவர் யார்? புதிய நெறியை ஐயுற்றோர் எழுப்பிய நியாயமான வினா இது. ஐந்து அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க 120 ஒழுங்குகள் உள, பத்தாயின் 36,28,800. 1979இல் பற்றீசியா செலிங்கரும் அவர்தம் குழுவினரும், ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, சிறு இணைப்புகளின் சிறந்த வழிகளிலிருந்து பெரியவற்றின் வழியைப் படிப்படியாகத் தெரியும் முறையை வெளியிட்டனர். மீகாமனின் பணி இவ்வாறு பொறியிடம் சென்றது.

மொழியிலோ குறைகள் நீடித்தன. அட்டவணைகளை ஓரிடத்தில் நிரைப்படுத்தி, இணைப்பு நிபந்தனையைப் பிறிதோரிடத்தில் எழுதுதலே வழக்கு. நிபந்தனை விடுபட்டால் ஒவ்வொரு வரியும் மற்றையதன் எல்லா வரிகளோடும் கூடும். ஆயிரம் வரிகொண்ட இரண்டு பத்து இலட்சம் வரிகளைத் தரும். மறுபுறத்தே, பாடமெதனையும் பதியாத மாணவரின் பெயர் விடையிலிருந்து ஓசையின்றி மறைந்துவிடும். அத்தகையோரையும் உடன்கொள்ளும் புற இணைப்பைக் கொட் 1979இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்திருந்தார். எனினும் நியமமொழி அதனை ஏற்றது 1992இலேதான். இணைப்பையும் அதன் நிபந்தனையையும் ஓரிடத்தே வெளிப்படையாக எழுதும் வடிவமும் அப்போதுதான் அதனுடன் சேர்ந்தது.